கந்தை என்று தள்ளியதும் கலை என்று வாங்குவதும்

தமிழ் சிறப்புப் பட்டத்தின் இறுதி வருட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு நாட்டார் கவிகள். அதற்காக மருதமுனையில் இருந்த என் மூத்தம்மாவிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் உட்கார்ந்தேன். அவர் இருந்த பாயின் மேல் ஒரு விரிப்பு கிடந்தது. பழைய சாரன் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டித் தைத்தது. கருவியை வைக்க இடம் வேண்டுமென்று அதை ஒரு பக்கமாகச் சுருட்டி ஒதுக்கினேன். "இதென்ன மூத்தம்மா?" என்று சும்மா கேட்டேன். "அது கந்தல் புள்ள. நீ கவி கேக்கத்தானே வந்த, கவியக் கேளு" என்றா. நானும் கவியைத்தான் கேட்டேன். ஆய்வுக்கு நல்ல புள்ளியும் கிடைத்தது.

மூத்தம்மா மௌத்தாகிப் பல வருடங்களுக்குப் பிறகுதான் உம்மா அந்த விரிப்பின் கதையைச் சொன்னார். மூத்தப்பா தறிக்காரர். அவர் வபாத்தான பின், இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளில், அவர் தன் கையால் நெய்து உடுத்த சாரன்களை வெட்டி மூத்தம்மா தைத்த விரிப்பு அது. நான் பதிந்த கவிகள் ஊரில் பல பெண்களுக்குத் தெரிந்தவை. அந்த விரிப்போ உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். நான் ஒதுக்கி வைத்தது அதைத்தான்.

இது என் ஒருத்தியின் தவறு மட்டுமல்ல என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். எமது பிரதேசத்து முஸ்லிம் பெண்களின் வாய்மொழிக்கு இன்று ஒரு மரியாதை உண்டு. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் ஊர் ஊராகத் திரிந்து சேகரித்ததாலும், விமர்சகர்கள் அவற்றை இலக்கியமாக வைத்துப் பேசியதாலும் வந்த மரியாதை அது. எழுதத் தெரியாத பெண்ணும் கவிஞராக இருக்கலாம் என்பதை நாம் ஏற்றுக்கொண்டோம். ஆனால் அதே பெண்ணின் கை செய்ததை, வாய் சொன்னதோடு ஒப்பிடக்கூடிய ஆக்கமாக நாம் எடுத்ததில்லை. சொல்லைப் படித்தோம், துணியைத் துவைத்தோம். இப்போதோ கொழும்பிலும் வெளிநாட்டிலும் ஒட்டுத்துணியும் கைச்சாயமும் பாவித்த உடுப்பும் நாகரிகமாகிவிட்டன. கந்தை என்று நாம் தள்ளியதைக் கலை என்று விலை கொடுத்து வாங்கும் காலத்தில், அதை எந்த அளவுகோலால் மதிப்பது என்ற கேள்வி எமக்கும் உண்டு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் 'கந்தை' என்றால் கிழிசல், ஒட்டுப்போட்ட பழந்துணி. அதை வடமொழிக் 'கந்தா' என்ற சொல்லோடு இணைத்துக் காட்டுவர். வங்காளத்தில் அதே சொல் 'காந்தா' என்று வழங்குகிறது. அங்கே அதற்குப் பொருள், பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் ஓடுதையலிட்டுப் பெண்கள் செய்யும் விரிப்பு. கொல்கத்தாவில் குருசதய் தத்தின் சேகரிப்பைக் கொண்ட நூதனசாலை அதைக் கலைப்பொருளாகக் காத்தது. எமக்கோ கந்தை என்றதும் நினைவுக்கு வருவது கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழி மட்டுமே. ஒரே சொல் ஒரு மொழியில் ஒரு கலையின் பெயராயிற்று. மற்றதில் வறுமையின் பெயராகவே நின்றுவிட்டது. இந்த வித்தியாசம் ஊசியால் வந்ததல்ல. தைத்ததை யார், எப்படிப் பேசினார்கள் என்பதால் வந்தது.

வங்காளத்தில் அதைப் பேசியவர்களில் ஒருவர் எமது சமூகத்துக் கவிஞர். ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைக் காவியத்தில், ரூபாய் என்னும் உழவன் தன் மனைவி சாஜுவைப் பிரிந்து தலைமறைவாக வேண்டி வருகிறது. தனித்துப் போன சாஜு தங்கள் வாழ்க்கைக் கதையை ஒரு காந்தாவில் தைக்கிறாள். தான் இறந்த பின் அதைத் தன் கப்ரின் மேல் விரிக்கச் சொல்கிறாள். வங்க முஸ்லிம் கிராமத்துப் பெண்ணின் ஊசி வேலையை ஒரு பிரதி என்று, அதாவது வாசிக்கத்தக்க ஒன்று என்று, அந்தக் காவியம் நிறுவியது. அதைப் பற்றி வாசித்தபோது எனக்கு நெஞ்சு சுட்டது. சாஜுவின் காந்தா கற்பனை. இத்தாவில் தைத்த விரிப்பு எங்கள் வீட்டில் உண்மையாகவே கிடந்தது.

ஒட்டுத்துணியைப் பற்றிய சிந்தனை எமது மார்க்க மரபுக்குப் புதியதல்ல. நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்பது ஆயிஷா (ரழி) அவர்களின் அறிவிப்பு. உமர் (ரழி) அவர்கள் ஆட்சித் தலைவராக இருந்த காலத்தில் அவர்களது தோள்களுக்கிடையே ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஒட்டுகள் இருந்ததை அனஸ் (ரழி) அவர்கள் கண்டதாக முவத்தாவில் வருகிறது. பிற்காலத்தில் ஸூஃபிகளின் ஒட்டுப்போட்ட அங்கி 'முரக்கஅ' எனப்பட்டது. லாஹூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரி (ரஹ்) பதினோராம் நூற்றாண்டில் எழுதிய 'கஷ்ஃபுல் மஹ்ஜூப்' நூலில் இந்த அங்கிக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஊசி போன போக்கில் தைப்பவர்களும் இருந்தார்கள், தையல் நேராகவும் சீராகவும் இருக்க வேண்டும் என்பவர்களும் இருந்தார்கள் என்று அவர் குறிக்கிறார். மக்கள் மதிக்க வேண்டும் என்பதற்காகவே ஒட்டுப்போட்டு உடுப்பவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. தேவை, ஒழுங்கு, பகட்டு என்று ஒட்டுத்துணி விமர்சனத்துக்கு வேண்டிய மூன்று கேள்விகளும் அங்கேயே இருக்கின்றன. பிற்காலத்தில் எழுத்தணியையும் ஓவியத்தையும் பக்கம் பக்கமாக ஒட்டிச் சேர்த்த ஏடுகளுக்கும் பாரசீக, மொகலாய உலகில் 'முரக்கா' என்றே பெயரிட்டார்கள். நூலுக்குத் துணியின் பெயரைக் கொடுக்க அவர்கள் கூச்சப்படவில்லை.

தேவையாக இருந்த ஒட்டு பகட்டாக மாறும் விதத்துக்கு சூடான் நல்ல உதாரணம். 1880களில் மஹ்தியைப் பின்பற்றியவர்கள் உலகப் பற்றைத் துறந்ததன் அடையாளமாக ஒட்டுப்போட்ட 'ஜிப்பா' உடுத்தார்கள். ஆரம்பத்தில் கிழிந்த இடத்தில் ஒட்டு விழுந்தது. சில வருடங்களில் கிழியாத புதுத்துணியிலேயே, இரு பக்கமும் சமனாக, நிறம் பார்த்து ஒட்டுகளைத் தைத்து அதைப் படையின் சீருடை ஆக்கினார்கள். அந்த ஜிப்பாக்கள் பார்க்க அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் முந்திய ஒட்டு ஒரு கிழிசலுக்குப் பதில் சொன்னது. பிந்தியது எந்தக் கிழிசலுக்கும் பதில் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இந்த இடத்தில், வறுமை தைத்ததை உலகம் கலையாக வாங்கியபோது நடந்ததைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் ஜீஸ் பென்ட் என்றொரு கறுப்பின மக்களின் கிராமம். அடிமைகளாக இருந்தவர்களின் பேத்திகளும் பூட்டிகளும் வயலில் உடுத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் மாச்சாக்கையும் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 1942இல் கணவனை இழந்த மிசூரி பெட்வே என்ற பெண், அவர் வேலைக்கு உடுத்த உடுப்புகளையே வெட்டி ஒரு போர்வை செய்தார். 2002இல் இவர்களது போர்வைகள் ஹூஸ்டன் நூதனசாலையிலும் பின் நியூயோர்க்கின் விட்னி நூதனசாலையிலும் சுவரில் தொங்கின. நவீன ஓவியத்தோடு அவற்றை ஒப்பிட்டார்கள். 2006இல் தபால் முத்திரையும் வந்தது. அதற்கடுத்த வருடம், தங்களுக்குச் சேர வேண்டிய பங்கு சேரவில்லை என்று தைத்த பெண்களில் சிலர் வழக்குக்குப் போனார்கள். அது பின்னர் முடித்துக்கொள்ளப்பட்டது. புகழ் வந்த பிறகும், அது யாருடையது என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை.

மிசூரி பெட்வே செய்ததை என் மூத்தம்மாவும் செய்தார். இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கேள்விப்பட்டதே இல்லை. ஒருவரின் பெயரை இன்று கலை மாணவர்கள் படிக்கிறார்கள். மற்றவரின் விரிப்பை ஓர் ஆய்வு மாணவி சுருட்டி வைத்தாள்.

அலபாமா தூரம் என்றால் கர்நாடகம் பக்கம். அங்கே உத்தர கன்னடப் பகுதியில் வாழும் சித்திகள், நூற்றாண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், இந்துக்கள் என மூன்று சமயத்தாரும் அவர்களில் உண்டு. பழைய உடுப்புகளிலிருந்து அவர்களின் பெண்கள் தைக்கும் விரிப்புக்கு 'கவண்டி' என்று பெயர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியால் 'பூ' வைக்காவிட்டால் அந்த விரிப்பு உடுப்பில்லாமல் இருப்பதாக அவர்கள் சொல்வதை, அவர்களிடையே ஆய்வு செய்த ஹென்றி ட்ரூவல் பதிந்துள்ளார். மூலைப்பூ சூட்டுக்கும் உதவாது, பலத்துக்கும் உதவாது. ஆனாலும் அது இல்லாமல் வேலை முடிவதில்லை. ஏழை தைப்பதெல்லாம் தேவைக்கு மட்டும், அழகு தற்செயலாக வந்தது என்று பேசுகிறவர்களுக்கு அந்தப் பூ போதுமான பதில்.

இந்தப் பின்னணியில் எங்கள் வீட்டு விரிப்பை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கிறேன். அது மெல்லியது. எங்கள் கரையோரத்து வெக்கைக்குள் பஞ்சு வைத்த போர்வை யாருக்கும் தேவையில்லை. இரண்டே அடுக்கு, பாயின் மேல் விரிக்கத்தான். துண்டுகள் எல்லாம் கட்டம் போட்ட சாரன்கள். நீலம், கடும் பச்சை, மண் நிறம். சாரன் முதலில் தேய்வது இருக்கும் பக்கத்திலும் காலடி ஓரத்திலும். இடுப்பில் சொருகும் மேல்பகுதி கடைசி வரை உரமாக இருக்கும். விரிப்பின் நடுப்பகுதி முழுக்க அந்த மேல்பகுதித் துண்டுகள். தேய்ந்தவை ஓரத்துக்குப் போய், இரட்டையாக மடிக்கப்பட்டிருக்கின்றன. துணியை உடுத்தவரின் உடம்பு எங்கே தேய்த்தது என்று தெரிந்த கைதான் இப்படி வெட்டும்.

கட்டங்கள் மூன்று பக்கத்தில் கோட்டுக்குக் கோடு பொருந்துகின்றன. நாலாவது பக்கத்தில் ஒரு வரிசை மட்டும் குறுக்கே திரும்பி நிற்கிறது. பல நாள் அதைப் பிழை என்றே நினைத்தேன். பிறகு தறி தெரிந்த ஒரு மாமாவிடம் காட்டினேன். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாவு நூல் இழுபடுற பக்கத்துக்குத் திருப்பிப் போட்டிருக்கா. இந்தப் பக்கத்தால புடிச்சித்தான் உதறுவாங்க" என்றார். பாவுதான் தறியில் முறுக்கி இழுத்துக் கட்டப்படும் நூல், ஊடையை விட உரமானது. கோடு பொருந்துகிற அழகா, உதறும்போது கிழியாத உரமா என்ற இடத்தில் மூத்தம்மா உரத்தை எடுத்தார். யாப்பு தெரிந்த கவிஞன் ஓரிடத்தில் பொருளுக்காக ஓசையை விட்டுக்கொடுப்பதை நாம் வகுப்பில் பாராட்டிச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதுதான் இது.

ஒரே ஒரு சிவப்புத் துண்டு மட்டும் ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மூத்தப்பா சிவப்புச் சாரன் உடுத்ததாக உம்மாவுக்கும் ஞாபகமில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் நான் கவி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி இன்றைய முயற்சிகளுக்கு வருவோம். இளம் பெண்கள் பலர் இப்போது கிலோக் கணக்கில் விற்கும் வெட்டுத்துண்டுகளையும் பாவித்த உடுப்புகளையும் வாங்கிச் சாயமிட்டு, ஒட்டித் தைத்துப் பையும் விரிப்பும் செய்கிறார்கள். நானும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்த்தேன். விமர்சகர் கையிலும் சாயம் ஒட்ட வேண்டும் என்பது என் எண்ணம். முதல் பாடம் தோல்வியில்தான் வந்தது. மஞ்சளில் தோய்த்த துணி கண்ணைப் பறித்தது. ஒரு கிழமை வெயிலில் வெளுத்தது. பீற்றூட் சாயம் எவ்வளவு உப்பும் வினாகிரியும் போட்டும் கழுவலோடு போய்விட்டது. மாதுளைத் தோலும் தேயிலையும் நின்றன. தேயிலைச் சாயத்தில் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணியைச் சேர்த்தபோது மண் நிறம் கரும்சாம்பலாக மாறியது. நல்ல விலைக்கு வாங்கிய ஒரு சேலை எந்தச் சாயத்தையும் ஏற்கவில்லை. ஓர் இழையை எரித்துப் பார்த்தோம். பருத்தி என்றால் கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும். அது உருகி மணியாகத் திரண்டது. பொலியெஸ்டர்.

இதையெல்லாம் எங்கள் ஊர்த் தறிக்காரர்கள் தொட்ட கையோடு சொல்லிவிடுவார்கள். சாயத்தைத் துணியோடு பிணைக்க ஒரு காரம் வேண்டும் என்ற அறிவும் இந்த மண்ணுக்குப் பழையது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டி எடுத்த சாயவேர் பெயர்பெற்ற பண்டம். கடுக்காயும் படிகாரமும் ஊட்டிய துணியில்தான் அந்த வேரின் சிவப்பு நின்றது. ஆகவே புதிய முயற்சிகளை மதிக்கும்போது நான் முதலில் கேட்பது பொருளறிவு. இந்தத் துணி எது, எங்கே தேய்ந்தது, எதை ஏற்கும் என்று செய்தவருக்குத் தெரிகிறதா? இரண்டாவது ஒழுங்கும் அதன் மீறலும். கோடு விலகிய இடத்தில் ஒரு காரணம் இருக்கிறதா, அல்லது 'கைவேலை' என்று காட்டுவதற்காகவே கோணலாகத் தைத்ததா? இப்போது விற்பனைக்கு வருவனவற்றில் பல இந்த இரண்டாவது வகை. புது றோல் துணியை வாங்கித் துண்டு துண்டாக வெட்டி மறுபடி ஒட்டி, 'பழமை' என்று விற்கிறார்கள். அது வீண்விரயத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. மஹ்தியின் படைச் சீருடைபோல, கிழிசல் இல்லாத ஒட்டு அது.

இதற்காகப் புதியவர்களைக் கைவிடச் சொல்லவில்லை. என் மாணவி ஒருத்தி, வாப்பாவின் கடலுக்குப் போகும் சேட்டுகளில் உப்பு வெளுத்த பகுதிகளை மட்டும் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்று மெல்ல வெளுத்துப் போகும்படி அடுக்கித் தைத்தாள். ஒரு சொட்டுச் சாயமும் போடவில்லை. சாயமிட்டது வெயிலும் கடலும். அது பாடசாலைக் கண்காட்சியில் பரிசு பெறவில்லை. நான் இவ்வளவு காலத்தில் பார்த்த மாணவர் ஆக்கங்களில் அது மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்பதை இங்கே பதிகிறேன்.

மூன்றாவது அளவுகோல் பெயர். கைத்தறிக்குப் புதிய நிறச்சேர்க்கை தந்த பார்பரா சன்சோனியின் பெயரும், பத்திக்கில் ஏனா டி சில்வாவின் பெயரும் இலங்கைக் கலை வரலாற்றில் நியாயமாகவே இடம்பெற்றுள்ளன. மருதமுனைச் சாரன் என்று ஊர்ப் பெயரில் நாம் பெருமைப்படுகிறோம். நெய்தவர், சாயமிட்டவர், மிச்சத் துணியை ஒட்டித் தைத்தவர் ஆகியோரில் ஒருவரின் பெயரையாவது நாம் எழுதி வைத்தோமா? 1977இன் திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதித் துணி வந்து தறிகளைக் குறைத்தது. 2004 டிசம்பர் 26 கடல் வந்து தறிகளையும் பெட்டகங்களையும் ஆட்களையும் கொண்டு போனது. அதன் பிறகு உதவிப் பொதிகளில் வந்த குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டைகளை எங்கள் பெண்கள் வெட்டித் தலையணையும் கால்மிதியும் ஆக்கினார்கள். அவையும் ஒரு வரலாற்றுப் பிரதிதான். இப்போது எத்தனை மிச்சம்?

ஆகவே இந்தக் கட்டுரை கேட்பது பெரிய காரியம் ஒன்றுமல்ல. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றை ஆய்வுக்கு எடுக்கும் பிள்ளைகள், கவி கேட்கப் போகும் வீட்டில் பாயின் மேல் கிடப்பதையும் கேட்கட்டும். தைத்தவர் பெயர், எந்த வருடம், யாருடைய உடுப்பு, ஏன் இந்த நிறம் என்ற நாலு கேள்வி போதும். வீடுகளில் மௌத்தானவர்களின் உடுப்பை ஸதகாவாகக் கொடுப்பது நல்ல வழக்கம், அது நிற்க வேண்டாம். ஆனால் அவர்கள் தைத்ததைத் துடைப்புத் துணியாகக் கிழிக்குமுன் ஒரு படம் எடுத்து, பின்னால் பெயரை எழுதி வையுங்கள்.

எங்கள் வீட்டு விரிப்பின் ஓரத்தில், உள்பக்கமாக, நான் இப்போது ஒரு வெள்ளைத் துணித் துண்டைத் தைத்திருக்கிறேன். அதில் மூத்தம்மாவின் பெயரும் மூத்தப்பாவின் பெயரும் இருக்கின்றன. என் தையல் கோணல்தான். சிவப்புத் துண்டுக்கு நேரே ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறேன்.